அரிசி கிடைக்கிறது, சத்து கிடைக்கிறதா? கடலூர்க் குடும்பங்கள் கேட்டு வாங்க வேண்டியவை

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. அப்படியிருந்தும் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் (15 முதல் 49 வயது வரை) 53.4 சதவீதம் பேருக்கும், 6 மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. வயிறு நிறைந்தாலும் உடம்பில் சத்து சேரவில்லை.

2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பர் முதல் இங்கும் நடைமுறையில் இருக்கிறது. ரேஷன் அரிசிக்கான சட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கர்ப்பிணிக்கும், பிரசவமாகி 6 மாதம் வரை தாய்க்கும், 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைக்கும் அங்கன்வாடி வழியாக உணவு கிடைப்பதும் இதே சட்டத்தில் உள்ள உரிமைதான். தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி, பிள்ளைக்கு 500 கலோரி, மிகவும் எடை குறைந்த பிள்ளைக்கு 800 கலோரி என்று அளவு குறித்திருக்கிறார்கள். இது யாரும் இரக்கப்பட்டுத் தருவதில்லை, கேட்டு வாங்கலாம்.

பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும் வரையுள்ள காலம்தான் மிக முக்கியம். அந்த வயதில் பிள்ளை அங்கன்வாடியில் உட்கார்ந்து சாப்பிடாது. சத்துமாவு பாக்கெட்டாக வீட்டுக்கு வருகிறது. வீட்டுக்கு வந்ததும் அது எல்லோருக்குமான கஞ்சியாகிவிட்டால், சின்னப் பிள்ளைக்கு இரண்டு கரண்டிதான் மிஞ்சும். பிள்ளையின் பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். கர்ப்பிணியின் மாவும் அப்படித்தான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் மருமகளுக்குச் சட்டம் எத்தனை கலோரி எழுதி வைத்தாலும் போய்ச் சேராது. வீட்டில் மாமியாரும் கணவரும் மனம் வைத்தால்தான் இது மாறும். கர்ப்பம் தெரிந்தவுடன், 12 வாரத்துக்குள், நர்ஸம்மாவிடம் பதிந்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணமும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அடுத்தது பருப்பு. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஆனால் இவை மாநில அரசின் சிறப்புத் திட்டத்தில் வருபவை. ரேஷன் பொருட்களில் தேசியச் சட்டம் உறுதி தருவது தானியத்துக்கு மட்டும். அதனால் அரிசி கிடைக்காவிட்டால் சட்டப்படி ஈட்டுத்தொகை கேட்க இடமுண்டு, பருப்பு தாமதமானால் அந்த வழி இல்லை. புரதத்துக்கும் இதே உறுதி வேண்டும் என்பது என் கருத்து.

கடலோர ஊர்களில் காலமும் சத்தைத் தீர்மானிக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தேவனாம்பட்டினத்து விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் வருமானமும் நிற்கிறது, குழம்புக்கு மீனும் குறைகிறது. அந்தச் சமயத்திலேயே கோடை விடுமுறையும் வந்துவிடுவதால் சத்துணவு முட்டையும் காலை உணவும் இல்லை. பள்ளி விடுமுறை நாளில் மதிய உணவு தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மூன்று வழியும் ஒரே நேரத்தில் அடைபடும் இந்த வாரங்களில் பிள்ளைகளுக்கு உலர் உணவாவது தரக் கோரி கிராமசபையில் தீர்மானம் போடலாம், மே தினத்தன்றே கிராமசபை கூடுகிறது.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. குடிநீர் கெட்டு வயிற்றுப்போக்கு வந்தால் தின்ற சத்து உடம்பில் ஒட்டாது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

பக்கத்துப் புதுச்சேரியில் கதை வேறு. அங்கே 2015 செப்டம்பரில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். 2024-ல் ரேஷன் கடைகளை மீண்டும் திறந்தார்கள். பணம் கையில் இருந்தால் விருப்பப்பட்ட அரிசியை வாங்கலாம், உண்மைதான். ஆனால் விலை ஏறும்போது அதே பணத்துக்கு வரும் அரிசி குறையும்.

ரேஷனில் குறை இருந்தால் 1967 எண்ணில் புகார் சொல்லலாம். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை தாலுகாவாரியாகப் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கிறது. பிறந்த பிள்ளையின் பெயரை இன்னும் அட்டையில் சேர்க்காதவர்கள் பிறப்புச் சான்றிதழோடு அங்கே போய் விண்ணப்பிக்கலாம்.