சொல் விளக்கம்: தனிச்சலுகை வேட்டை

பொருளியல் பாடத்திலும் நாளிதழ்க் கட்டுரைகளிலும் அடிபடும் ‘ரென்ட் சீக்கிங்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘வாடகை தேடல்’ என்று எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். சிங்கப்பூரில் அதைப் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? ஈசூனிலோ பூன் லேயிலோ அறை ஒன்று வாடகைக்குக் கிடைக்காதா என்று அலைகிற ஆள்தான் கண்முன் வருவார். அந்த ஆளுக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

சொல்லின் பொருள் இதுதான்: உரிமம், ஒதுக்கீடு, இறக்குமதித் தடை, வரிவிலக்கு போன்ற அரசாங்க முடிவுகளைத் தன் பக்கம் திருப்பி, புதிதாக எதையும் விளைவிக்காமல் பணம் பார்க்க முயல்வது, அந்த முயற்சியில் பணத்தையும் நேரத்தையும் திறமையையும் கொட்டுவது. இதில் பின்பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கோட்பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது.

முதலில் ‘ரென்ட்’. ‘திருப்பிக் கொடு’ என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். நிலம் திருப்பித் தரும் வருவாய் என்ற பொருளில் அதைக் கோட்பாடாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் டேவிட் ரிக்கார்டோ. 1817இல் வந்த அவருடைய நூல் இப்படிச் சொல்கிறது: நல்ல மண்ணும் சுமாரான மண்ணும் ஒரே அளவு உழைப்பைக் கேட்டாலும் நல்ல மண் கூடுதலாக விளையும். அந்தக் கூடுதல் நிலத்துக்காரர் கைக்குப் போகிறது. அதற்காக அவர் எதையும் செய்திருக்க வேண்டியதில்லை, அந்த மண் அவருடையதாக இருந்தால் போதும். பின்னால் வந்தவர்கள் இதை நிலத்துக்கு வெளியேயும் கொண்டுபோனார்கள். ஒரு வளத்தை அதன் வேலையில் வைத்திருக்க எவ்வளவு கொடுத்தால் போதுமோ, அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் ‘ரென்ட்’ ஆனது.

தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூல்கள் இதற்கு ‘வாரம்’ என்ற சொல்லைப் பிடித்தன. ரிக்கார்டோவின் வாரக் கோட்பாடு, போலி வாரம் என்றெல்லாம் அங்கே படித்தவர்களுக்கு நினைவிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. உழுதவருக்குச் சேர்வது குடிவாரம், நிலத்தின்மேல் உரிமை உள்ளவருக்குச் சேர்வது மேல்வாரம் என்று நம் வேளாண்மை வழக்கிலேயே இந்தப் பாகுபாடு இருந்திருக்கிறது. உழைப்பால் வருவதும் உரிமையால் வருவதும் வேறு வேறு என்பதைச் சொல்ல நமக்கு வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. அதோடு ‘வாரம்’ என்பதற்கு அன்பு என்றும், ஒருபக்கம் சாய்தல் என்றும் பழைய பொருள்கள் உண்டு. பட்சபாதம் என்கிறோமே, அதுதான். அரசு ஒருவர் பக்கம் சாய்வதால் வரும் பணத்துக்கு எவ்வளவு பொருத்தம், பாருங்கள்! ஆனால், ‘வாரம் தேடல்’ என்று இன்று எழுதினால் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் மனத்தில் ஓடும்.

அப்புறம் ‘சீக்கிங்’. இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது.

1967இல் அமெரிக்கரான கோர்டன் டல்லக், இறக்குமதி வரி, ஏகபோகம், திருட்டு மூன்றையும் ஒரே கட்டுரையில் சேர்த்து எழுதினார். சட்டம் படித்துவிட்டுத் தூதரகப் பணியில் சீனாவில் இருந்தவர் அவர், பொருளியலில் பட்டம் பெறவில்லை. திருடர் நூறு வெள்ளியை எடுத்துக்கொண்டு போனால் பணம் கைமாறுகிறது, நாட்டின் செல்வம் குறைவதில்லை என்று கணக்குப் போடலாம். சரி, ஆனால் திருடர் செலவழித்த நேரமும் கருவிகளும் எங்கே போயின? நாம் வாங்கிய பூட்டு, வைத்த காவலாளி? அவை எதையும் விளைவிக்காத செலவுகள். ஏகபோக உரிமை வாங்க அலைவதற்கும் இதே கணக்குத்தான் என்றார் டல்லக். ஒரு கோடி மதிப்புள்ள உரிமத்துக்குப் பத்து நிறுவனங்கள் போட்டியிட்டால், ஒன்றுக்குத்தான் கிடைக்கும், பத்தும் செலவழித்திருக்கும்.

இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தவர் டல்லக் இல்லை. 1974இல் ஆன் குரூகர் எழுதிய கட்டுரையில்தான் ‘ரென்ட் சீக்கிங்’ என்ற தொடர் பிறந்தது. பிற்பாடு உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராகவும் ஆனவர் அவர். அவர் எடுத்துக்கொண்ட நாடுகள் இந்தியாவும் துருக்கியும். 1964இல் இந்தியாவில் இப்படிப்பட்ட ‘ரென்ட்’களின் மதிப்பு தேசிய வருமானத்தில் 7.3 விழுக்காடு என்றும், 1968இல் துருக்கியில் இறக்குமதி உரிமங்களின் மதிப்பு மட்டுமே சுமார் 15 விழுக்காடு என்றும் மதிப்பிட்டார். ஆலையின் கொள்ளளவுக்கு ஏற்ப இறக்குமதி உரிமம் கிடைக்கும் என்றால் முதலாளி என்ன செய்வார்? உள்ள ஆலை பாதி சும்மா கிடந்தாலும் இன்னொன்றைக் கட்டுவார். அங்கே சிமெண்டும் இரும்பும் உரிமத்துக்காகவே செலவாகின்றன. லஞ்சம் ஒரு காசுகூடக் கைமாறவில்லை, ஆனாலும் நாடு இழந்துவிட்டது.

குரூகரின் கட்டுரைக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, இதே நோயைத்தான் ‘லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம்’ என்று மேடைக்கு மேடை சாடினார். கணிதம் இல்லாமல், அரசியல் மொழியில்.

இவை எல்லாம் அடங்கும் பெரிய குடை ‘பப்ளிக் சாய்ஸ்’ கோட்பாடு. அரசியல்வாதி, அதிகாரி, வாக்காளர் எல்லாரும் கடைக்குப் போகும் அதே மனிதர்கள்தான், நாற்காலி மாறியதால் குணம் மாறுவதில்லை என்பது அதன் தொடக்கம். டல்லக்கும் ஜேம்ஸ் புக்கானனும் 1962இல் சேர்ந்து எழுதிய நூல் அதற்கு அடித்தளம். 1986இல் நோபெல் பரிசு புக்கானனுக்கு மட்டும் போனது. தமிழில் இதைப் ‘பொதுத் தெரிவுக் கோட்பாடு’ என்பதே நல்லது. ‘தேர்வு’ என்றால் இங்கே நம் பிள்ளைகளுக்குப் பரீட்சைதான்.

சிங்கப்பூரில் இதை விளக்க வாகன உரிமைச் சான்றிதழை விட்டால் வேறு உதாரணம் வேண்டாம். 1990 மே மாதத்திலிருந்து, சாலையில் கார் ஓட்டும் பத்தாண்டு உரிமை ஏலத்தில் விற்கப்படுகிறது. எண்ணிக்கையை அரசு கட்டுப்படுத்துகிறது, ஆகவே அதில் ‘ரென்ட்’ இருக்கிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,000 வெள்ளியைத் தாண்டியபோது அதன் அளவு எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அந்தப் பணம் முழுவதும் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. ஏலத்துக்குப் பதிலாக ஒரு குழு உட்கார்ந்து, யாருக்குக் கார் உண்மையாகவே தேவை என்று கோப்பு பார்த்து முடிவு செய்தால்? சான்றுக் கடிதங்கள் பெருகும், விண்ணப்பம் எழுதித் தருவது தனித் தொழிலாகும், நாடாளுமன்ற உறுப்பினர்கள் நடத்தும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிகளில் வரிசை நீளும். அதே மதிப்பு கருவூலத்துக்கு வராமல் அலைச்சலில் கரையும்.

பணக்காரர்களுக்கே கார் என்ற மனக்குறை நியாயமானது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ‘தேவைக்கு ஏற்ற ஒதுக்கீடு’ கேட்பவர்கள் இந்த அலைச்சல் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேச வேண்டும். ஏலம் வந்தால் வேட்டையே ஒழிந்துவிடும் என்பதும் இல்லை. அது விதிகளைச் சுற்றி நகரலாம். சிறிய கார்ப் பிரிவுக்கு 2014இல் 97 கிலோவாட் என்ற எஞ்சின் ஆற்றல் வரம்பு சேர்ந்தது. 2022இல் மின்கார்களுக்கு மட்டும் அது 110 ஆனது. இப்படி ஓர் எண் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து எந்தக் கார் எந்தப் பிரிவில் விழும் என்பது மாறும். எண்ணை யார் கேட்டு, எந்தக் காரணத்துக்காக வைக்கிறார்கள் என்று எந்த நாட்டிலும் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

நம் தீவின் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. 1820லிருந்து இங்கே அபின் விற்கும் தனியுரிமை குத்தகைக்கு விடப்பட்டது. 1910இல் அரசாங்கமே அந்த வணிகத்தை எடுத்துக்கொள்ளும்வரை, குத்தகையைப் பிடிக்க வணிகக் கூட்டணிகள் மோதின. தோற்ற தரப்பு கள்ளக்கடத்தலால் குத்தகைதாரரை நெருக்குவதும், அவர் தன் சொந்தக் காவல்படையை வைத்துத் தடுப்பதும் நடந்தன. டல்லக்கின் பூட்டும் காவலாளியும் கண்முன் நிற்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஆதாய வேட்டை’ சரிவராது. புதிய பொருளைச் செய்து விற்று ஆதாயம் தேடுகிற கடைக்காரரையும் அது சேர்த்துப் பிடித்துவிடும். அவரை விலக்கத்தானே இந்தச் சொல்லே உருவானது. ‘ஊழல்’ என்றால் சட்டமீறல் என்ற வாடை வரும். இந்த வேட்டையில் பெரும்பகுதி சட்டப்படியே நடக்கிறது: மனு, மாநாடு, சங்கம், ஆலோசகர். ‘சலுகை வேட்டை’ கிட்டத்தட்டச் சரி. ஆனால் முதியோர்க்கான பேருந்துச் சலுகைக் கட்டணமும் ‘சலுகை’தான். உதவி கேட்டு வரும் பாட்டியை இந்தச் சொல்லால் தொடவே கூடாது. அதனால்தான் ‘தனி’ வேண்டும். எல்லாருக்கும் பொதுவான விதியிலிருந்து விலகி, ஒருவருக்கோ ஒரு கூட்டத்துக்கோ மட்டும் கிடைப்பது தனிச்சலுகை. அதற்காக ஓடும் ஓட்டமும் அதில் வீணாகும் மூச்சும் ‘வேட்டை’ என்ற சொல்லில் இருக்கின்றன. ‘தேடல்’ அதைச் சொல்லாது.

ஆய்வுக் கட்டுரையில் ரிக்கார்டோவோடு சேர்த்து எழுதுகிறவர்கள் ‘மேல்வார வேட்டை’ என்றும் எழுதலாம், பொருள் பிசகாது. செய்தியிலும் வகுப்பிலும் இப்படி: “இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையானதும் நிறுவனங்கள் தொழில்நுட்பத்தில் போட வேண்டிய பணத்தைத் தனிச்சலுகை வேட்டையில் போட்டன.”