டிரான்ஸ்ஃபரன்ஸ் – உணர்வேற்றம்

தாய், தந்தை, உடன்பிறந்தோரிடம் பழகிய அன்பும் அச்சமும் கோபமும், எதிரே அமர்ந்திருக்கும் சிகிச்சையாளர் மீது தன்னையறியாமல் வந்து படிவதே டிரான்ஸ்ஃபரன்ஸ். மனத்தில் அறியாமல் புதைந்திருப்பதைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வு வழிவந்த சிகிச்சையின் அச்சாணி இது.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு இதற்குப் பயன்படுத்திய ஜெர்மன் சொல் 'ஊபர்ட்ராகுங்'. மருத்துவர் பிராயருடன் சேர்ந்து 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலிலேயே அது இந்தப் பொருளில் வருகிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்லுதல் என்பது நேர்ப்பொருள். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் அதே சுமத்தல்தான்.

தமிழில் 'மாற்றம்' என்றால் அந்தச் சுமை தொலைந்துவிடுகிறது. 'இடமாற்றம்' அரசு ஊழியரின் கவலை. 'கடத்தல்' என்று ராயபுரத்தில் சொன்னால் துறைமுகத்தைத்தான் நினைப்பார்கள். என் தேர்வு 'உணர்வேற்றம்'. தற்குறிப்பேற்ற அணி பள்ளியிலேயே படித்ததுதான்: மதுரை மதிலில் காற்றுக்கு அசையும் கொடிகள், கோவலனை 'வராதே' என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோவடிகள் பாடுகிறார். கவிஞர் தெரிந்தே ஏற்றுகிறார். சிகிச்சைக்கு வருபவர் தெரியாமல் ஏற்றுகிறார். வேறுபாடு அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் உணர்வேற்றம் என்று பிடித்துக்கொள்வதும் தவறு. வண்ணாரப்பேட்டையில் காய்கறி விற்பவர் முதல் வங்கி ஊழியர் வரை எல்லாப் பெண்களும் 'அக்கா'தான். சிகிச்சையாளரை அப்படி அழைப்பது வெறும் மரியாதை. ஆனால், ஒருமுறைகூடக் கடிந்து பேசாத சிகிச்சையாளரிடம், சற்றுத் தாமதமாக வந்தவர் "திட்டாதீர்கள் அக்கா" என்று நடுங்கினால், அங்கே வேறு யாரோ அமர்ந்திருக்கிறார். "நான் உங்கள் அக்கா இல்லையே" என்று உடனே திருத்துவது பயனற்றது. "பயப்படாதீர்கள்" என்று தேற்றுவதும் கதவைச் சாத்திவிடும். "நான் திட்டுவேன் என்று எதனால் தோன்றியது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். தாமதமாக வந்தால் முன்பு யார் திட்டினார்கள் என்பது மெல்ல வெளிவரும். விளக்கம் சொல்வதற்கு அதன் பிறகும் அவசரமில்லை.

இதன் மறுபக்கம் 'எதிர் உணர்வேற்றம்': வருபவர் மீது சிகிச்சையாளருக்கு எழும் உணர்வுகள். 1910இல் ஃபிராய்டு இதைக் களைய வேண்டிய இடையூறாகவே கண்டார். வருபவரின் மனத்தை அறிய உதவும் கருவியும் இதுவே என்று 1950இல் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் வாதிட்டார். அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் சிகிச்சையாளருக்கு உண்மையிலேயே அதட்டத் தோன்றினால், அதைக் காட்டிக்கொள்ளாமல் குறித்துவைத்து, தம்மை வழிநடத்தும் மூத்த சிகிச்சையாளரிடம் பேச வேண்டும். அந்த எரிச்சலில் எவ்வளவு தம்முடையது, எவ்வளவு வந்தவர் தூண்டியது என்று தனியாகப் பிரித்தறிவது கடினம்.