புயல் போனபின் வரும் வெள்ளம்: மொசாம்பிக் ஆறுகளைப் புரிந்துகொள்வோம்

மொசாம்பிக்கில் வெயில் அடிக்கிறதே என்று நம்பி ஆற்றங்கரையில் இருந்துவிடக் கூடாது. லிம்போபோ, சாவே, புங்வே, சாம்பெசி என அண்டை நாடுகளோடு பங்கிடும் ஒன்பது ஆற்றுப் படுகைகள் அங்கே உண்டு. பெரும்பாலானவற்றுக்கு அந்நாடுதான் கடைமடை. மழை விழுவது மேற்கே மேட்டுநிலத்தில். தண்ணீர் வந்து சேர்வது தட்டையான கடலோரச் சமவெளியில். அங்கே வெள்ளம் வடிந்து ஓடுவதில்லை, பரவி நிற்கிறது.

2000 பிப்ரவரி 22 அன்று எலீன் புயல் பெய்ரா துறைமுக நகருக்கு அருகே கரை கடந்தது. லிம்போபோ கரையிலுள்ள சோக்வே நகரம் அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தெற்கே. ஆனால் புயல் உள்ளே போய் ஜிம்பாப்வே, வட தென்னாப்பிரிக்கா பக்கம் கொட்டிய மழை, சில நாளில் சோக்வேயை மூழ்கடித்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் நாடு முழுக்க ஏறத்தாழ 700 பேர் இறந்தார்கள். சிபூட்டோ அருகே ஒரு பெண் மரத்தின் மேலேயே பிள்ளை பெற்றார்.

புயல் எச்சரிக்கைக்கு அங்கே கொடி உண்டு: நீலம் என்றால் புயல் வர 24 முதல் 48 மணி நேரம், மஞ்சள் என்றால் 24 மணி நேரத்துக்குள், சிவப்பு என்றால் 6 மணி நேரத்துக்குள். இது காற்றுக்கான கணக்கு. கொடியை இறக்கியதும் ஆபத்து தீர்ந்தது என்று வீடு திரும்புவதுதான் உயிரைப் பறிக்கும் தவறு. 2019 மார்ச்சில் இடாய் புயல் வீசி ஓய்ந்த பிறகும் பூசி, புங்வே ஆறுகள் பெருகிக்கொண்டே இருந்தன. சமவெளி கடல்போல் ஆனது. பெய்ரா கரையில் பெரிய ஓதத்தின்போது (கடல்நீர் ஏற்றவற்றம்) கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் ஏறி இறங்கும். ஓதம் ஏறும் நேரத்தில் ஆறு கடலுக்குள் வடிய வழியில்லை. வெள்ளத்தோடு ஓத அட்டவணையையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வெள்ளம் வந்து சேருமுன் கிடைக்கும் அவகாசம் ஆற்றுக்கு ஆறு மாறும். லிம்போபோவில் எல்லையிலிருந்து வெள்ளம் இறங்க நாள்கள் ஆகும். புங்வே சுமார் 400 கிலோமீட்டர்தான், அவகாசம் குறைவு.

நம்ப வேண்டியது ஆற்றின் மேல்பகுதியில் நீர்மட்டம் காட்டும் அளவுகோலைத்தான். லிம்போபோவில் சோக்வேக்கு மேலே உள்ள கொம்போமூனே நிலையத்தின் அளவீட்டை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குக் கீழே, சோக்வேக்கு முன்பாக எலிஃபான்டெஸ் ஆறு வந்து சேர்கிறது, அதில் மசிங்கிர் அணையின் திறப்பும் கணக்கில் வரவேண்டும். அளவுகோலைப் படிக்கும்போது அலை அடித்தால் உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவைக் குறிக்க வேண்டும். மட்டத்தை மட்டுமல்ல, மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்பதையும் எழுத வேண்டும். பெருவெள்ளம் அளவுகோலையே அடித்துக்கொண்டு போகும். 2000இல் அதுதான் நடந்தது. பாலத் தூணில் அதே அளவுகளைப் பெயின்டால் முன்கூட்டியே எழுதிவைத்தால் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

வெளியேறுவதைப் பகலிலேயே முடித்துவிட வேண்டும். ஆட்டையும் மாட்டையும் முதலிலேயே மேட்டுக்கு ஓட்டிவிட்டால், அவற்றுக்காக யாரும் திரும்பிப் போக மாட்டார்கள். வாசலுக்குத் தண்ணீர் வருவதற்கு வெகு முன்பே மேட்டுக்குப் போகும் பாதையின் தாழ்வான இடம் மூழ்கிவிடும். அது எங்கே, அளவுகோலில் எத்தனை மீட்டருக்கு அங்கே தண்ணீர் ஏறும் என்பதை வறண்ட காலத்திலேயே நடந்து பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.