நாய்க்குட்டியின் கண்ணீர் எங்கே போகிறது?

நாய்க்குட்டியின் கீழ் இமையை மூக்கோரமாக மெல்லத் தாழ்த்திப் பார்த்தால், உள்விளிம்பில் ஒரு பொட்டுத் துளை தெரியும். மேல் இமையிலும் அதற்கு இணையாக ஒன்று உண்டு. குட்டியின் கண் எப்போதும் ஈரமாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இந்தத் துளைகளைத்தான். ஆவியாவது போக மீதிக் கண்ணீர் முழுவதும் இவற்றின் வழியாகவே வடிகிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணீர் இந்தத் துளைகளுக்குள் தள்ளப்பட்டு, சிறு பை ஒன்றில் சேர்ந்து, எலும்பினுள் ஓடும் மெல்லிய குழாய் வழியே மூக்குத் துவாரத்துக்கு வந்துவிடுகிறது. நாயின் மூக்கு ஈரமாக இருப்பதில் கண்ணீருக்கும் பங்குண்டு.

கண்ணீரை வெறும் நீர் என்று நினைக்க வேண்டாம். கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும் வழவழப்பான அடி அடுக்கு, அதன்மேல் நீர், நீர் சீக்கிரம் உலராதபடி மேலே ஓர் எண்ணெய்ப் படலம் என்று மூன்றும் சேர்ந்ததுதான் அது. நீர்ப் பகுதியைச் சுரக்கும் சுரப்பிகள் நாய்க்கு ஒரு கண்ணில் இரண்டு. ஒன்று கண்குழியின் மேற்புறம் இருக்கிறது. மற்றொன்று, கண்ணின் உள்மூலையில் ஒளிந்திருக்கும் மூன்றாவது இமையின் அடியில் இருக்கிறது. சில குட்டிகளுக்கு இந்த இரண்டாவது சுரப்பி இடம் பெயர்ந்து, சிவந்த உருண்டையாக வெளியே துருத்தும். முன்பெல்லாம் அதை வெட்டி எடுத்துவிடுவார்கள். நீர்ச் சுரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அங்கிருந்துதான் வருகிறது என்று தெரிந்த பிறகு, உள்ளே தள்ளித் தைப்பதே முறையாகிவிட்டது. வெட்டப்பட்ட கண் பின்னாளில் வறண்டுபோகக்கூடும். யாராவது வெட்டிவிடலாம் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

கண்ணில் நீர் வழிகிறது என்றால் சுரப்பு அதிகமாகிவிட்டதா, வடிகால் அடைத்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வடிகால் கோளாறு பல குட்டிகளுக்குப் பிறவியிலேயே வருகிறது. காக்கர் ஸ்பானியல் போன்ற சில இனங்களில் கீழ் இமைத் துளையின் மேல் மெல்லிய சவ்வு மூடியபடியே குட்டி பிறப்பதுண்டு. இதை அறிய மருத்துவர் கண்ணில் ஃப்ளோரசீன் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தை விடுவார். வழி திறந்திருந்தால் சில நிமிடங்களில் மூக்கு நுனியில் பச்சை நிறம் தெரியும். தெரியாவிட்டால் அடைப்பு என்று உடனே முடிவு கட்டவும் முடியாது. பக், ஷிட்சூ போன்ற தட்டை முகக் குட்டிகளுக்குக் குழாய் வளைந்து, சாயம் தொண்டைப் பக்கம் இறங்கிவிடுவதுண்டு. அந்த இனங்களுக்குக் கண்குழி ஆழமற்றது. கீழ் இமை மூலையில் உள்நோக்கிச் சுருண்டு துளையையே நெரிக்கிறது. மனிதன் முகத்தைக் குட்டையாக்கி வளர்த்தான். கண்ணீர்ப் பாதை அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இத்தகைய குட்டிக்கு ஓரளவு ஈரம் ஆயுள் முழுவதும் இருக்கலாம்.

வெள்ளை நிற மால்டீஸ், பொமரேனியன் குட்டிகளின் கண்ணோரம் செம்பழுப்பாகக் கறை படிவதைப் பார்த்து இரத்தம் என்று பயப்படுகிறார்கள். அது போர்ஃபிரின் என்ற நிறமி. பழைய சிவப்பணுக்களை உடல் சிதைக்கும்போது உண்டாகும் இது கண்ணீரில் மட்டுமல்ல, எச்சிலிலும் இருக்கிறது. அடிக்கடி நக்கும் வெள்ளை நாயின் பாதமும் செம்மையேறுவது அதனால்தான். கறையால் கண்ணுக்குக் கேடு இல்லை. ஆனால் எப்போதும் நனைந்த முடிக்கு அடியில் தோல் புண்ணாகும். கறை போக்கும் பொடிகளை நம்பி வாங்கிக் கொடுக்காதீர்கள். டைலோசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்து, அனுமதியின்றி விற்கப்பட்ட இத்தகைய பொருள்கள் குறித்து 2014-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அழகுக்காக ஒரு குட்டிக்குத் தினமும் நுண்ணுயிர்க்கொல்லி ஊட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

சுரப்பு அதிகமாவது உறுத்தலால். தூசி, கொசுவர்த்திப் புகை, இமையின் உள்ளிருந்து கருவிழியை உரசும் முடி, ராட்வைலர், லேப்ரடார் குட்டிகளில் காணும் உட்சுருண்ட இமை, விளையாட்டில் பூனை நகம் பட்ட கீறல் என்று காரணங்கள் பல. இங்கே கவனிக்க வேண்டியது வலி. குட்டி கண்ணைத் திறக்காமல் சுருக்கினால், காலால் தேய்த்தால், கருவிழி நீலம் பூத்ததுபோல் மங்கினால், அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கண் திறக்காத பச்சைக் குட்டிக்கு, அதாவது பிறந்து 10 முதல் 14 நாளைக்குள், மூடிய இமைக்கு அடியில் வீக்கம் தெரிந்தாலும் அப்படித்தான். உள்ளே சீழ் கட்டியிருக்கலாம்.

வீட்டில் யாருக்கோ வாங்கி மிச்சமிருக்கும் சொட்டு மருந்தைக் குட்டிக்கு விடும் பழக்கம்தான் எனக்குப் பெரும் அச்சம் தருகிறது. பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். கருவிழியில் புண் இருக்கும்போது அது விழுந்தால் புண் ஆறாமல் ஆழமாகும். கருவிழி துளைபட்டுப் பார்வையே போகலாம். புண் உண்டா என்பதையும் அதே ஃப்ளோரசீன் சாயம்தான் காட்டும்: மேல் தோல் உரிந்த இடத்தில் அது பச்சையாகப் பிடித்துக்கொள்ளும். விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம்.

வலி இல்லாத வெறும் ஈரத்துக்கு வேலை எளிது. கொதித்து ஆறிய நீரில் நனைத்த மெல்லிய துணியால், மூக்கோர மூலையிலிருந்து வெளிப்பக்கமாக ஒத்தி எடுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு துணி. பிறகு முடியை நன்றாக உலர்த்துங்கள். கண்ணுக்குள் விழும் முடியை வெட்டும்போது முனை மழுங்கிய கத்தரிக்கோலும், குட்டியைப் பிடித்துக்கொள்ள இன்னொருவரும் தேவை.

தெளிந்த நீராக இருந்தது மஞ்சள் பீளையாக மாறி, மூக்கும் ஒழுகி, காய்ச்சலும் இருமலும் சேர்ந்தால், குறிப்பாகத் தடுப்பூசி போடாத குட்டியாக இருந்தால், அது டிஸ்டெம்பராக இருக்கலாம். பல குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய் அது; பிழைத்தவற்றிலும் சிலவற்றுக்குக் கை கால் இழுப்பு நிற்பதில்லை. இதைத் தடுக்கக் குட்டியின் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை ஊசி போட வேண்டும். சந்தேகம் வந்த குட்டியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் காத்திருப்போர் கூட்டத்தில் உட்கார வேண்டாம். வாசலிலேயே சொல்லி, மற்றக் குட்டிகளிடமிருந்து தள்ளி வைத்திருங்கள்.