சாலைக் குழியில் கார் அடிபட்டால்: இங்கிலாந்தில் கவுன்சிலிடம் இழப்பீடு கேட்பவர்களுக்கு

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் எங்கள் சட்ட அலுவலகத்துக்கு இப்படியான அழைப்புகள் தவறாமல் வரும். "ரோட்டுக் குழிக்குள்ள கார் விழுந்திட்டுது. டயர் போட்டுது, ரிம்மும் வளைஞ்சிட்டுது. கவுன்சிலுக்கு எழுதினனான், காசு தரமாட்டம் எண்டு கடிதம் வந்திருக்கு. இனி என்ன செய்யலாம்?"

இவர்களாவது கேட்கிறார்கள். நிறையப் பேர் அந்தக் கடிதத்தைப் படித்த கையோடு கராஜ் செலவைத் தாங்களே கட்டிவிட்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனம் ஆறாதது இதுதான். அந்தக் கடிதம் நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. பணம் கொடுக்க வேண்டிய தரப்பு, கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லும் பதில், அவ்வளவே.

இதற்குச் சட்டத்தில் முக்கியமானவை இரண்டே பிரிவுகள். 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, சாலையைப் பராமரிக்கும் கடமையை அதற்குப் பொறுப்பான நிர்வாகத்தின்மேல், பெரும்பாலும் உள்ளூர்க் கவுன்சிலின்மேல், சுமத்துகிறது. 58ஆம் பிரிவு அதே நிர்வாகத்துக்கு ஒரு தற்காப்பு தருகிறது: அந்தச் சாலைக்குத் தேவையான நியாயமான கவனத்தை எடுத்துக்கொண்டோம் என்று நிரூபித்தால் இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை, சாலையைப் பழுதுபார்க்காமல் சும்மா விட்டதற்காக நிர்வாகத்தின்மேல் வழக்கே போட முடியாதிருந்தது. அந்தக் கவசத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கொடுத்ததுதான் இந்தத் தற்காப்பு.

கவனித்துப் பாருங்கள், இந்தத் தற்காப்பை நிரூபிக்க வேண்டியது கவுன்சில். குழி ஆபத்தானதாக இருந்தது, அதனால்தான் கார் சேதமானது என்று காட்டுவது உங்கள் பங்கு. அதற்குப் பிறகு, சாலையை முறையாகச் சோதித்தோம், தெரிந்ததும் சரி செய்தோம் என்று காட்டுவது அவர்கள் பொறுப்பு. மறுப்புக் கடிதத்தில் "எங்கள் கடைசி ஆய்வில் அந்த இடத்தில் பழுது எதுவும் பதிவாகவில்லை, எனவே 58ஆம் பிரிவின்படி பொறுப்பேற்க முடியாது" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு ஆதாரம் கேட்காமல் விடுவதுதான் பெரும்பாலான கோரிக்கைகள் செத்துப்போகக் காரணம்.

ஆதாரத்தைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் ஒரு மின்னஞ்சல் போதும். 20 வேலை நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். என்ன கேட்பது? அந்தச் சாலையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று கவுன்சிலின் சொந்தக் கொள்கை சொல்கிறது. உங்கள் கார் அடிபட்ட நாளுக்கு முந்தைய ஒரு வருடத்தில் ஆய்வாளர் எந்தெந்த நாளில் போனார், என்ன எழுதினார். அந்த இடத்தைப் பற்றி மற்றவர்கள் செய்த முறைப்பாடுகள் என்ன, எந்தத் தேதியில். எவ்வளவு ஆழமான குழியை எத்தனை நாளுக்குள் மூட வேண்டும் என்ற விதி என்ன. அப்புறம் ஒன்று, பலர் கேட்க மறப்பது: நீங்கள் முறைப்பாடு செய்த பிறகு குழியை மூட வந்தவர்களின் வேலைச் சீட்டு. குழியின் அளவும் அவசர வகையும் அதில் அவர்கள் கையாலேயே எழுதப்பட்டிருக்கலாம். "குழி அவ்வளவு ஆழமில்லை" என்று பிறகு சொல்ல வந்தால் அந்தச் சீட்டே பதில் சொல்லும்.

இப்படி ஒருவருக்கு வந்த பதிவுகளைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். கடிதம் சொன்னது உண்மைதான், கடைசி ஆய்வில் பழுது எதுவும் இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டிய சாலை அது. அந்தக் கடைசி ஆய்வுக்கும் விபத்துக்கும் இடையில் இரண்டு மாத ஆய்வுகள் நடக்கவே இல்லை. அதோடு, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதே குழியைப் பற்றி முன்பே எழுதியிருந்தார். இந்த இரண்டையும் தேதியோடு சுட்டிக்காட்டி ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம். கவுன்சில் பணத்தைக் கொடுத்தது, நீதிமன்றம் வரை போகவில்லை. பிறர் செய்த முறைப்பாடுகளை, சாலைப் பழுதுகளைப் பொதுமக்கள் பதிவு செய்யும் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் இணையதளத்திலும் பார்க்கலாம். நாள், இடம், படம் எல்லாம் பொதுவில் இருக்கும். உங்கள் சாலையைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

"எங்களிடம் நிதி இல்லை" என்ற பதிலுக்கு மயங்க வேண்டாம். யார்க் நகரக் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கில், பணப் பற்றாக்குறை 58ஆம் பிரிவுத் தற்காப்பு ஆகாது என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே நேரம், உள்ளதையும் சொல்ல வேண்டும். ஆய்வுகள் ஒழுங்காக நடந்து, முறைப்பாடு எதுவும் வராமல், முந்தின வாரம்தான் குழி விழுந்திருந்தால் உங்கள் கோரிக்கை பெரும்பாலும் நிற்காது. விரிசலுக்குள் இறங்கிய தண்ணீர் உறைந்து விரிந்து, பிறகு உருகும்போது தார் பெயர்ந்துவிடும். சில நாட்களிலேயே பெரிய குழி ஆகலாம். பதிவுகளைப் பார்த்த பிறகு அப்படித்தான் தெரிகிறது என்றால், விட்டுவிடச் சொல்லித்தான் நான் ஆலோசனை சொல்வேன்.

சம்பவம் நடந்த இடத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பாதுகாப்பாக நிற்க முடியாத இடத்தில் இறங்கவே வேண்டாம், மோட்டார்வேயில் குழியைப் படமெடுக்கப் போகவே கூடாது. முடிந்த இடத்தில், தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டே ஒன்று, அளவு நாடாவோடு ஒன்று. பல கவுன்சில்கள் 40 மில்லிமீட்டர் ஆழத்தைத்தான் எல்லையாக வைத்திருக்கின்றன, ஆகவே ஆழம் படத்தில் தெரிய வேண்டும். எதிரே உள்ள வீட்டு எண்ணையோ விளக்குக் கம்பத்தின் எண்ணையோ குறித்துக்கொள்ளுங்கள்.

கராஜில் "டயர் 1, ரிம் 1" என்று மட்டும் பில் வாங்கி வராதீர்கள். டயரின் பக்கச் சுவரில் முட்டை போலப் புடைத்திருக்கிறதா, ரிம்மின் உள்பக்க விளிம்பு மடிந்திருக்கிறதா, இது மோதலால் வந்ததா தேய்மானத்தால் வந்ததா என்று மெக்கானிக்கிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பழைய டயரின் வரிப்பள்ளத்தில் எவ்வளவு ஆழம் மிச்சம் என்பதும் அதில் இருக்கட்டும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். பாதி தேய்ந்த டயருக்குப் புது டயரின் முழு விலையைக் கேட்டால் கழித்துத்தான் தருவார்கள், அது நியாயமும்கூட.

யாரிடம் கேட்பது என்பதிலும் தடுமாற்றம் வருகிறது. இங்கிலாந்தில் மோட்டார்வேக்களும் முக்கியமான ஏ சாலைகளும் நேஷனல் ஹைவேஸ் என்ற அரசு நிறுவனத்தின் பொறுப்பு. லண்டனில் சிவப்புக் கோடு போட்ட சாலைகளுக்கு டிஎஃப்எல், அதாவது லண்டன் போக்குவரத்து நிர்வாகம். மற்றவை பெரும்பாலும் கவுன்சில். தண்ணீர், எரிவாயு நிறுவனம் தோண்டி மூடிய இடம் அமிழ்ந்து போயிருந்தால் கவுன்சில் உங்களை அந்த நிறுவனத்தின் பக்கம் திருப்பிவிடும். இப்படி மூடிய இடத்துக்கு அந்த நிறுவனம் இரண்டு ஆண்டுகளும், ஆழமாகத் தோண்டியிருந்தால் மூன்று ஆண்டுகளும் உத்தரவாதம் தர வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், வழக்குப் போடப்போவதாக முறையான கடிதம் ஒன்று அனுப்பிவிட்டு, இணையத்தில் சிறு வழக்கு தாக்கல் செய்யலாம். வாகனச் சேதத்துக்கு 10,000 பவுண்ட் வரை அங்கே கேட்கலாம். 300 பவுண்ட் வரையான கோரிக்கைக்கு நீதிமன்றக் கட்டணம் 35 பவுண்ட், 500 வரை 50, 1,000 வரை 70. விசாரணை வரை போனால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இந்த அளவு தொகைக்கு வழக்கறிஞர் தேவையில்லை, ஜெயித்தாலும் அவருடைய கட்டணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. வாகனச் சேதத்துக்குக் காலக்கெடு ஆறு ஆண்டுகள். உடல் காயமும் இருந்தால் அதற்கு மூன்றே ஆண்டுகள்தான், அப்போது கட்டாயம் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஏற்கெனவே இன்சூரன்ஸில் பணம் எடுத்துவிட்டவர்கள், அதே சேதத்துக்கு இரண்டு தடவை பணம் வாங்க முடியாது. ஆனால் இன்சூரன்ஸ் தராமல் நீங்களே கையிலிருந்து கட்டிய பங்கை, அதாவது எக்ஸஸ் தொகையை, கவுன்சிலிடம் கேட்கலாம். அதற்கான ரசீதை முதல் கடிதத்தோடேயே சேர்த்து அனுப்புங்கள்.