உப்பு பட்டதும் கீழே இறங்கும் பனியாற்றுச் சேறு

‘பனியாறு உருகினால் கடல்மட்டம் உயரும், சரி. கடலுக்கடியில் 20 மீட்டர் ஆழத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு வாழும் பிராணிக்கு அதனால் என்ன கெட்டுப்போகிறது?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தண்ணீர் சூடாவதுதான் பிரச்சினை என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் பனியாறு பின்வாங்கும் இடங்களில் சூட்டுக்கு முன்னால் வந்து சேர்வது சேறு.

பனியாறு நகரும்போது அதன் அடியில் சிக்கிய கற்கள் உப்புத்தாள் மாதிரி தரைப்பாறையைத் தேய்க்கின்றன. தேய்ந்து வருவது மாவு போன்ற தூள்; பல துகள்கள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் இருக்கும். கோடையில் உருகுநீர் இதைக் கடலுக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. நன்னீர் உப்புநீரைவிட லேசு என்பதால் அந்தக் கலங்கல் மேற்பரப்பிலேயே பரவுகிறது.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் நடக்கிறது. 2 மைக்ரோமீட்டர் துகள் ஒன்று அசையாத குளிர்நீரில் தனியாக 30 மீட்டர் இறங்க ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். அதற்குள் நீரோட்டம் அதை எங்கோ கொண்டுபோயிருக்கும். அப்படியானால் பனியாற்றின் வாசலிலேயே சேறு குவிவது எப்படி? உப்பால்தான். இந்தத் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. நன்னீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். கடல்நீரில் கலந்ததும் சோடியம், மெக்னீசியம் அயனிகள் ஒவ்வொரு துகளையும் சூழ்ந்து அந்த மின்னூட்டத்தை மறைத்துவிடுகின்றன. தள்ளுவிசை எட்டும் தூரம் சுருங்கிப்போக, மோதும் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் அளவில் உப்பு உண்டு. இந்த வேலைக்கு அதில் சில கிராம் போதும். திரண்ட கட்டிக்குள் தண்ணீரும் மாட்டியிருப்பதால் அது கெட்டிக் கல்லைப்போல வேகமாக இறங்காது. ஆனாலும் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகம் கிடைத்தாலே 30 மீட்டரை எட்டொன்பது மணி நேரத்தில் கடந்துவிடும். ஆறு மாதப் பயணம் ஒரே நாளில் முடிகிறது!

அது போய் விழும் இடத்தில் கடற்பீச்சிகள் இருக்கின்றன. பை போன்ற உடல், இரண்டு துளைகள். ஒன்றில் நீரை இழுத்து, உள்ளே இருக்கும் சளி வலையில் நுண்பாசிகளைப் பிடித்து, வலையோடு சேர்த்தே விழுங்கிவிடும். பிறகு புது வலை நெய்யும். சின்னஞ்சிறு வயதில், முதுகெலும்புக்கு முன்னோடியான முதுகுநாணோடு நீந்தித் திரியும் இது நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அப்புறம் இடம் மாற முடியாது. வலையில் பாசிக்குப் பதில் கல்தூள் நிறைந்தால், விழுங்கியும் பயனில்லை. உடலைச் சுருக்கி நீரைப் பீச்சி வெளியே தள்ளலாம், ஆனால் அதற்கும் சக்தி வேண்டும்.

இது நடந்ததைக் கண்ணால் பார்த்த இடம் அண்டார்க்டிக்காவின் கிங் ஜார்ஜ் தீவில் உள்ள பாட்டர் கோவ் என்ற சிறு விரிகுடா. கரையில் அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வு நிலையம். உட்கோடியில் ஃபோர்கேட் பனியாறு பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. 1994, 1998, 2010 ஆகிய ஆண்டுகளில் இங்கே கடற்படுகையைப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். முதல் இரண்டு முறையும் கடற்பீச்சிகளின் ராஜ்ஜியம். 2010இல் அவை வெகுவாகக் குறைந்து, சேற்றில் காலூன்றி நிற்கும் கடல்பேனா என்ற பிராணிகள் போன்றவை கலந்து பரவியிருந்தன. இதே தீவின் கரையில், வயிறு நிறையப் பாறைத்தூளோடு செத்து ஒதுங்கிய கிரில் கூனிகளையும் கண்டிருக்கிறார்கள்.

1998க்கும் 2010க்கும் நடுவே 12 ஆண்டு இடைவெளி. மாற்றம் மெல்ல வந்ததா, ஒரு மோசமான கோடையில் திடீரென்று வந்ததா என்பது அந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது. அதே இடத்துக்கு வருடா வருடம் போய் அதே படத்தை எடுப்பதற்குப் பணம் கேட்டால், ‘புதிதாக என்ன?’ என்று கேட்கும் நிதிக்குழுக்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. புதிதாக எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்வதற்கும் செலவாகும்.

பனி விலகிய இடமெல்லாம் பாழாகிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. பாட்டர் கோவ் விரிகுடாவிலேயே, பனியாறு விட்டுப்போன பாறைகளில் கடற்பாசிகள் குடியேறியிருக்கின்றன. அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும்; கலங்கல் அதிகமான பக்கங்களில் அவை ஆழத்துக்கு இறங்காமல் மேல்மட்டத்தோடு நின்றுகொள்கின்றன.