சவரக்கத்தியைச் சாணைச் சக்கரத்தில் வைக்காதீர்கள்

போன மாதம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி என் சலூனுக்கு வந்தார். கையில் துணியில் சுற்றிய தாத்தாவுடைய சவரக்கத்தி. ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்த நல்ல இரும்பு. “அண்ணாச்சி, தீட்டின பிறகும் முடியப் பிடுங்குது, என்னன்னு பாருங்க” என்றார். பிரித்துப் பார்த்தால் கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, முழுக்க அலை அலையாக இருந்தது, நுனிப்பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். அரிவாளும் அருவாமனையும் பிடித்துப் பழகிய கை அது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் நீலம் பாய்ந்தது என்றால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி சூடாகிவிட்டது, இரும்பின் கடினம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இனி என்ன தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. எனக்கே மனசு கேட்கவில்லை.

இப்போது நிறையப் பேர் வீட்டிலேயே இந்தக் கத்தியில் சவரம் செய்து பழகுகிறார்கள், நல்லதுதான். தீட்டவும் வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். தண்ணீரில் நனைத்துத் தீட்டும் கல் 1000 நம்பர், 4000 நம்பர், 8000 நம்பர் என மூன்று இருந்தால் போதும், நம்பர் ஏற ஏறக் கல் நைசாக இருக்கும். கல் சமதளமாக இருக்க வேண்டும். பென்சிலால் கல் மேல் கட்டம் போட்டு, கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேயுங்கள், கோடு எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். கோடு முழுவதும் போகும்வரை தேய்க்க வேண்டியதுதான்.

காய்கறிக் கத்திக்குக் கோணத்தை நம் கைதான் பிடிக்க வேண்டும். சவரக்கத்திக்கு அது வேண்டாம், அதன் தடித்த முதுகே கோணத்தைப் பிடித்துக்கொள்கிறது. முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படுத்திருக்க, வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள். கடைசியில் முதுகின் மேலேயே புரட்டி மறுபக்கம் திரும்ப இழுங்கள். கத்தியின் வாய் கல்லின் அகலத்தைவிட நீளமாக இருந்தால் அடிப்பக்கம் தொடங்கி நுனிப்பக்கம் முடிகிற மாதிரி சாய்வாக நகர்த்த வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, கூர் வரவில்லை என்றதும் முதுகைக் கொஞ்சம் தூக்கிவிடுவது, இல்லையென்றால் அழுத்துவது. அழுத்தினால் மெல்லிய வாய் வளையும், அவ்வளவுதான். கத்தியின் எடையோடு விரல் எடை சேர்ந்தால் போதும்.

சரி, கல் எங்கே படுகிறது என்று எப்படித் தெரியும்? மார்க்கர் பேனாவால் வாயோரம் கறுப்பாகக் கோடு போட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்புவரை மை போயிருந்தால் சரி, விளிம்பில் ஒரு நூல் அளவு கறுப்பு மிச்சம் இருந்தால் இன்னும் 1000 நம்பர் கல்லை விட்டு நகரக் கூடாது. அவசரப்பட்டு 8000-க்குத் தாவினால் பளபளப்பு வரும், கூர் வராது. கத்தி வாயின் முழு நீளத்திலும் முன்கை முடி சீராக அறுபட்ட பிறகுதான் அடுத்த கல்.

அப்புறம் தோல்வார், கல்லில் தீட்டிய கத்தியைக் கடைசியாக இழுக்கிற தோல்பட்டை. இங்கே எல்லாம் தலைகீழ்: முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே இழுபட வேண்டும். மாற்றினால் தோலும் அறுபடும், கூரும் போகும். வாரை இறுக்கிப் பிடித்து 30, 40 இழுப்பு நிதானமாக இழுங்கள். வேகம் காட்டி நம்மவர்கள் வாரைத்தான் முதலில் வெட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கடையில் நாங்கள் ஆளுக்கொரு புது பிளேடு மாட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. மஞ்சள் காமாலைக்குக் காரணமான ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ரத்தச் சிராய்ப்பு போதும். ஆகவே வீட்டுச் சவரக்கத்தி ஒரே ஆளுக்குத்தான், கூடப் பிறந்த தம்பிக்குக்கூட இரவல் வேண்டாம்.

சாரல் காலத்தில் நம் பக்கம் ஈரம் சொல்ல வேண்டியதில்லை, பழைய இரும்பு ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். துடைத்துக் காயவைத்து, மெல்ல எண்ணெய் தடவி, மூடாத பெட்டியில் வையுங்கள். அந்தத் தம்பியின் கத்தியில் அலையை எடுத்துக் கொடுத்தேன். நீலம் பாய்ந்த நுனி மட்டும் ஒன்றிரண்டு சவரத்திலேயே மழுங்கிவிடுகிறது.